135 மில்லிமீட்டர் சீகிரியாவுக்குத் தேவையா?

யூடியூபில் மவுண்டன் பைக் விமர்சனம் பார்த்துப் பார்த்து வளர்ந்த நம்மவர்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. அதைச் செய்கிறவர்கள் ஒன்று கனடாவின் விஸ்லரில் இருப்பார்கள், இல்லையென்றால் அமெரிக்காவின் மோவாபில், அதுவும் இல்லையென்றால் இத்தாலியின் ஃபினாலே லிகுரேயில். “இந்த சைக்கிள் எல்லாத்துக்கும் சரிவரும்” என்று அவர்கள் முடிவாகச் சொல்வார்கள். அந்த ‘எல்லாம்’ என்பதற்குள் குளக்கட்டு வராது. சஃபாரி ஜீப் ஓடி ஓடி அலை விழுந்த கிறவல் ரோடு வராது. யானை சத்தியமாக வராது.

கொஞ்ச காலமாக என் கையில் ஒரு ட்ரெயில் பைக் இருக்கிறது. நண்பன் ஒருவன் மெல்பர்னில் வேலை செய்தபோது வாங்கி, ஊர் திரும்பும்போது பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தது. முழங்கால் வலி வந்த பிறகு அவன் வீட்டு விறாந்தையில் சும்மா நின்றது. “ஓட்டிப் பார்த்துட்டு சொல்லு மச்சான், வச்சிருக்கவா விக்கவா?” என்று தந்துவிட்டான். நான் மாத்தளைக்காரன். சீகிரியாவும் எங்கள் மாவட்டம்தான், ரிவர்ஸ்டன் மலையும் எங்கள் மாவட்டம்தான். இரண்டுக்கும் ஒரே சைக்கிள் போதுமா என்று பார்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

பிராண்டு பெயரை விட்டுவிடுகிறேன். சொல்லப்போவது அந்த வகை சைக்கிளைப் பற்றி. அலுமினியம் ஃப்ரேம், 29 இஞ்ச் சக்கரம், பின்னால் 135 மி.மீ., முன்னால் 150 மி.மீ. சஸ்பென்ஷன், பன்னிரண்டு கியர், எடை 15 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. ஜயன்ட் ட்ரான்ஸ் எக்ஸ் 29 சைக்கிளின் 2021 மொடலும் இதே அளவுதான். ட்ரெக் ஃபியூவல் இ.எக்ஸ். 2020 மொடலில் பின்னால் 130, முன்னால் 140. கிராஸ் கன்ட்ரி ரேஸ் சைக்கிள்கள் 100, 120 மி.மீ. அளவில் நிற்கும். என்டியூரோ என்கிறவை 160, 170. டவுன்ஹில் என்றால் 200. நடுவில் இருக்கிற இந்த 120 முதல் 150 வரைக்கும்தான் ‘ட்ரெயில்’ என்று கடைக்காரர்கள் பெயர் வைத்து, ஏறவும் இறங்கவும் ஒன்றே போதும் என்று விற்கிறார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். சீகிரியாவில் சைக்கிள் ஓட்டுவது என்றால் பாறையில் ஓட்டுவது இல்லை. 1982இல் இருந்து அது யுனெஸ்கோ உலக மரபுரிமைத் தலம், உள்ளே நடைதான். வடக்கே இருக்கிற பிதுரங்கல விகாரை நிலம், அங்கேயும் நடைதான். நாம் ஓட்டக்கூடியது வெளியே: அகழிக்கு அப்பால் போகும் மண் ரோடு, பிதுரங்கல அடிவாரம், சீகிரியா குளக்கட்டு, கிம்பிஸ்ஸ பக்கத்து வயல் பாதைகள், தெற்கே கண்டலம குளம் வரைக்கும் காட்டோரமாகப் போகிற கிராம ரோடுகள். 1831இல் மேஜர் ஜொனதன் ஃபோர்ப்ஸ் பொலன்னறுவையில் இருந்து குதிரையில் திரும்பும்போது இந்தப் பாறையைக் கண்டதாகச் சரித்திரம். அவருடைய குதிரைக்கு ஏற்ற தரைதான் இன்றைக்கும். பாறை மட்டும் 200 மீட்டர் எழுந்து நிற்கிறது, அதைச் சுற்றியது எல்லாம் தட்டை. சிவப்பு மண், கிறவல், மணல், இடையிடையே தரையோடு தரையாய்க் கிடக்கிற கருங்கல்.

தட்டை என்றதும் சஸ்பென்ஷன் எதற்கு என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். இனாமலுவ சந்தியில் ஏ6 வீதியை விட்டுத் திரும்பி, தார் ரோட்டில் சீகிரியா வரைக்கும் வந்தால் அந்தப் பத்துக் கிலோமீட்டரில் 135 மி.மீ. வெறும் சுமை. ஷாக்கை லொக் பண்ணினாலும் கனத்த டயர் உறுமிக்கொண்டே இழுக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே முந்திப் போவார்கள். கிறவல் தொடங்கிய பிறகுதான் இந்த சைக்கிளின் வேலை தொடங்குகிறது.

ஆனால் அதற்கு முன்னால் காற்று. இந்த சைக்கிள்களின் சஸ்பென்ஷன் காற்றால்தான் ஓடுகிறது. நம்முடைய எடைக்கு ஏற்ற அழுத்தத்தில் ஷாக் பம்பால் அடிக்கவேண்டும். ஏறி உட்கார்ந்ததும் ஷாக்கின் மொத்த ஓட்டத்தில் 25 முதல் 30 வீதம் அமுங்கினால் சரி. ஷாக் தண்டில் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கும். அதைச் சீலோடு ஒட்டித் தள்ளிவிட்டு, மெதுவாக ஏறி உட்கார்ந்து, ஆட்டாமல் இறங்கிப் பார்த்தால் வளையம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று தெரியும். தண்டின் ஓட்டம் 55 மி.மீ. என்றால் 16 மி.மீ. சுற்றில் வளையம் நிற்கவேண்டும். இதை எந்த விமர்சனத்திலும் சொல்வார்கள். சொல்லாதது வெயில்.

மாத்தளையில் விடிய 24 பாகையில், வீட்டு முற்றத்தில் 180 பி.எஸ்.ஐ. அடித்துக்கொண்டு புறப்படுகிறோம். பதினொரு மணிக்கு சீகிரியாவில் ஒரு தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் நேர் வெயிலில் சைக்கிளைச் சாத்திவிட்டு வந்தால் ஷாக் உடம்பு 45 பாகைக்கு வந்திருக்கும், கை வைத்தால் சுடும். பள்ளிக்கூட பௌதிகம்தான்: சூடானால் அழுத்தம் கூடும். கணக்குப் போட்டால் 13, 14 பி.எஸ்.ஐ. கூடிப்போகும். உள்ளே இருக்கிற எண்ணெயும் சூட்டில் இளகும், அதனால் அமுங்கிய ஷாக் திரும்பி எழும்புகிற வேகமும் கூடும். காலையில் மெத்தென்று இருந்த சைக்கிள் மதியத்தில் குதிரை மாதிரி உதறுகிறது என்றால் சைக்கிளைக் குறை சொல்லாதீர்கள். அங்கேயே, அந்தச் சூட்டிலேயே, வளையத்தை மறுபடி பார்த்துக் கொஞ்சம் காற்றை இறக்குங்கள். நிழலில் நிறுத்தினால் பாதிப் பிரச்சினை இல்லை.

சரி, கிறவல். சஃபாரி ஜீப் ஓடுகிற ரோடுகளில் ஒரு விசேஷம், குறுக்கே அலை அலையாய்ச் சின்னச் சின்ன வரப்பு விழுந்திருக்கும். ஓட்டோக்காரர்கள் அதைத் தவிர்த்து ஓரத்தில் ஒரு சக்கரத்தை இறக்கி ஓடுவார்கள். அந்த அலைதான் சஸ்பென்ஷனுக்கு நல்ல பரீட்சை. திரும்பி எழும்புகிற வேகத்தை அளவுக்கு மீறி மெதுவாக வைத்திருந்தால் ஒரு வரப்பில் அமுங்கிய ஷாக் எழும்புவதற்கு முன்பே அடுத்தது வந்துவிடும். பத்து வரப்புக்குள் ஷாக் முழுதாக அடியில் போய் உட்கார்ந்துவிடும். பிறகு இரும்புக் கட்டிலில் படுத்த கதைதான். எழும்பும் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற சிவப்புத் திருகை இரண்டு கிளிக் திறந்துவிட்டதும் இதே சைக்கிள் அடியோடு மாறியது. கை மரத்துப்போவது நின்றது. பார்வை நடுங்காமல் முன்னால் கிடக்கிற மணல் திட்டைப் பார்த்து வளைக்க முடிந்தது. முன் சஸ்பென்ஷன் மட்டும் இருக்கிற ஹார்ட்டெயிலில் இதே ரோட்டை ஓடியிருக்கிறேன், ஓடலாம், ஆனால் சீட்டில் இருந்து எழும்பி நின்றுதான் ஓடவேண்டும். பின் ஷாக் தருவது வேகத்தைவிட உட்காருகிற வசதி. நாற்பது தாண்டிய இடுப்புக்கு அது பெரிய விசயம்.

குளக்கட்டு வேறு ரகம். மேலே அகலம் போதும், நேராகப் போகும், ஒரு பக்கம் தண்ணீர், மற்றப் பக்கம் வயல். அங்கே எந்த சைக்கிளும் நல்ல சைக்கிள்தான். கட்டில் இருந்து இறங்கி வயல் பாதைக்குள் போகும்போதுதான் வித்தியாசம் தெரியும். பெரும்போக மழையில் லேண்ட்மாஸ்டர் உழுதுபோன தடம், மழை நின்று காய்ந்ததும் சிமெந்து மாதிரி இறுகிவிடும். சக்கரம் அதற்குள் விழுந்தால் ரயில் தண்டவாளத்தில் போவது போலத்தான், நினைத்த இடத்தில் வெளியேற முடியாது. இந்த வகை சைக்கிள்களில் முன் ஃபோர்க் 65, 66 பாகையில் சாய்ந்து நிற்கிறது. வேகமாய் இறங்கும்போது அந்தச் சாய்வு தைரியம் தருகிறது. மெதுவாக, இறுகிய தடத்துக்குள் போகும்போது அதே சாய்வால் ஹேண்டில் இடமும் வலமும் தளும்புகிறது. பெடலும் கீழே இறங்கி இருக்கிறது. தடத்தின் சுவரிலும், தரையோடு கிடக்கிற கல்லிலும் பெடல் இடித்து இடித்து ஓரம் பளபளத்துவிட்டது. மிதிப்பதை நிறுத்தி, இரண்டு பெடலையும் மட்டமாக வைத்து, உருண்டு போகப் பழகிக்கொள்ள வேண்டும். ஃப்ரேம் இணைப்பில் திருப்பிப் போடுகிற சின்னக் கட்டை ஒன்று இருக்கிறது. அதை உயர்ந்த நிலைக்கு மாற்றினால் பெடலும் உயரும், ஃபோர்க்கும் அரைப் பாகை அளவு நிமிரும். சீகிரியாவுக்கு அதுதான் சரி. ரிவர்ஸ்டனுக்குத் தாழ்ந்த நிலை. இரண்டு நிமிட வேலை, ஒரு அலன் கீ போதும்.

வயல் ஓரத்தில் ஒரு பெரியவர் லுமாலா சைக்கிளில் பெரிய வெங்காய மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்தார். நிறுத்தி, எங்கள் சைக்கிளை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். “பாரம் இருக்குதே. காரியர் எங்க மல்லி?” என்றார் சிங்களத்தில். இல்லை என்றேன். ஸ்டாண்ட்? அதுவும் இல்லை. மட்கார்ட்? இல்லை. டயரை விரலால் அமுக்கிப் பார்த்தவர், காற்று போயிருக்கிறது என்று கவலைப்பட்டு, பக்கத்து வீட்டில் பம்ப் இருக்கிறது என்றார். 22 பி.எஸ்.ஐ.யில்தான் ஓடவேண்டும் என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது. ‘எல்லாத்துக்கும்’ என்கிற சைக்கிளில் ஒரு கிலோ அரிசி கொண்டுவர இடம் இல்லை. சின்ன அளவு ஃப்ரேம்களில் ஷாக் நடுவில் அடைத்துக்கொள்வதால் பெரிய தண்ணீர்ப் போத்தலுக்குக்கூட இடம் கிடைக்காது. உலர் வலயத்தில் தண்ணீர் இல்லாத சைக்கிளை என்ன செய்வது? முதுகில் தண்ணீர்ப் பையோடு வியர்த்து ஊறவேண்டியதுதான்.

டயர் பற்றி. ட்யூப் போட்டு இங்கே ஓடுவது வீண். நெருஞ்சி முள்ளும் தொட்டாச்சுருங்கி முள்ளும் ஊர் முழுக்க இருக்கிறது. ட்யூப்லெஸ், உள்ளே அடைப்புப் பால். ஆனால் அந்தப் பால் இந்த வெக்கையில் சீக்கிரம் காய்ந்து ரப்பர் தோலாய் ஒட்டிக்கொள்ளும். குளிர் நாட்டுக்காரர் எழுதிய கால அளவை நம்பாமல் அடிக்கடி வால்வைத் திறந்து குச்சி விட்டுப் பாருங்கள். பின் டயரை மட்டும் கொஞ்சம் வழுவழுப்பான, வேகமாக உருள்கிற டயராக மாற்றினேன். தார் ரோட்டு இழுவை பாதி குறைந்தது, கிறவலில் பிடி பெரிதாகக் குறையவில்லை. இந்த சைக்கிளுக்குச் செய்த மாற்றங்களில் பலன் கூடியது இதுதான். செயினுக்கு நம்ம ஆட்கள் பழக்கத்தில் கறுத்த என்ஜின் ஒயில் விடுவார்கள். சீகிரியாப் புழுதியோடு அது சேர்ந்தால் அரம்தான். துடைத்துவிட்டு, மெல்லிய உலர் ஒயில் ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு.

யானை விசயத்தைப் பகிடியாக எடுக்காதீர்கள். மின்னேரியாவும் கௌடுல்லவும் பக்கத்தில். ஹபரணை, சீகிரியா, கண்டலம எல்லாமே அவற்றின் நடமாட்டப் பாதை. மோட்டார் சைக்கிள் வருவது யானைக்குத் தூரத்திலேயே கேட்கும். நம்முடைய சைக்கிள் சத்தம் இல்லாமல் திடீரென்று பக்கத்தில் போய் நிற்கும், அதுதான் ஆபத்து. மிதிக்காதபோது டிக்டிக்கென்று சத்தம் போடுகிற பின் சக்கர ஹப் சிலருக்கு எரிச்சல். இந்தப் பக்கத்தில் நான் அதை நல்ல குணமாக எடுத்துக்கொள்கிறேன், மணியும் ஒன்று பூட்டியிருக்கிறேன். விடியமுன்னும் பொழுது பட்ட பிறகும் அந்த ரோடுகளில் சைக்கிள் வேண்டாம். புதிதாய்ப் பிண்டம் கிடந்தால் திரும்பிவிடுங்கள். தேத்தண்ணிக் கடையில் கேட்டால் நேற்று ராத்திரி எது எங்கே நின்றது என்று சொல்வார்கள், அதைவிட நல்ல வரைபடம் இல்லை.

இனி மலை. ஹார்ட்டெயிலா ட்ரெயில் பைக்கா என்ற கேள்விக்கு சீகிரியா பாதிப் பதில்தான் சொல்லும், மீதி ரத்தோட்டைக்கு மேலே இருக்கிறது. மாத்தளையில் இருந்து ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் ஏறும் வீதி, தும்பரை மலைத்தொடரின் தோளுக்குக் கொண்டுபோகும். பிறகு இலுக்கும்புர பக்கம் இறக்கம். அட்டை, மூடுபனி, ஆளைத் தள்ளுகிற காற்று. பிட்டவல பத்தனைப் புல்வெளிக்குள் மட்டும் சக்கரத்தை இறக்காதீர்கள், பாறைமேல் மெல்லிசாய்ப் படிந்த மண் அது, ஒருதரம் கிழிந்தால் மாறாது. வீதியும் தோட்டப் பாதைகளும் தாராளமாகப் போதும்.

ஏற்றத்தில் இந்த சைக்கிள் என்னை அசத்தியது. 15 கிலோ என்பதால் பாரம் தெரியும் என்று எண்ணியிருந்தேன். சீட் குழாய் நிமிர்ந்து 77 பாகையில் இருப்பதால் உடம்பு பெடலுக்கு நேர் மேலே வருகிறது, முன் சக்கரம் தூக்கவில்லை. முன்னால் 32 பல், பின்னால் 51 பல். ஒரு முழு மிதிக்கு சைக்கிள் ஒன்றரை மீட்டருக்கும் குறைவாகத்தான் நகரும். நடையைவிடச் சற்று வேகம், அவ்வளவுதான், ஆனால் நிற்காமல் ஏறலாம். மிளகும் ஏலமும் வளர்ந்து நிற்கிற தோட்டங்களுக்குள்ளே போகிற கல் பதித்த பழைய பாதைகளில், ஈரக் கல்லின்மேல் பின் சக்கரம் வழுக்காமல் ஒட்டிக்கொண்டு ஏறியது. பின் ஷாக் சும்மா நிற்காமல் கல்லுக்குக் கல் சக்கரத்தை அமுக்கிப் பிடிக்கிறது. ஹார்ட்டெயில் அதில் துள்ளும், துள்ளினால் பிடி போகும்.

இறக்கத்தில் பிரேக்தான் கேள்வி. 1976இல் கலிபோர்னியாவின் மரின் பக்கத்தில் பழைய தடித்த டயர் சைக்கிள்களில் மலை இறங்கிப் போட்டி வைத்தவர்கள், ஒரு இறக்கத்தில் பின் ஹப் பிரேக்கின் கிரீஸ் எரிந்துபோக, ஒவ்வொரு முறையும் புதுக் கிரீஸ் அடைக்கவேண்டி வந்ததாம். அந்தப் பாதைக்கே ‘ரீபேக்’ என்று பெயர் விழுந்தது. நமக்கு இன்றைக்கு நான்கு பிஸ்டன் ஹைட்ராலிக். ரிவர்ஸ்டன் இறக்கம் முழுக்க ஒரு விரலால் பிடித்துக்கொண்டு வந்தும் தளரவில்லை. வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: மினரல் ஒயில் ஓடுகிற பிரேக்கா, டொட் திரவம் ஓடுகிற பிரேக்கா என்று கேளுங்கள். டொட் திரவம் ஈரத்தை இழுக்கும், அதை அடிக்கடி மாற்றவேண்டும், பெயின்டையும் தின்னும். தானே வேலை செய்கிற ஆளுக்கு மினரல் ஒயில் தலைவலி குறைவு.

வேலை என்றதும் இதன் உண்மையான விலைக்கு வருகிறோம். பின் சஸ்பென்ஷன் இணைப்புகளில் சின்னச் சின்னப் பெயரிங் நிறைய. சீகிரியாப் புழுதியில் ஓடி, அடுத்த வாரம் ரத்தோட்டைச் சேற்றில் ஓடினால் அவை கரகரக்கத் தொடங்கும். ஃபோர்க்கின் கீழ்க் கால்களை 50 மணிநேர ஓட்டத்துக்கு ஒருமுறை கழற்றி ஒயில் மாற்றச் சொல்கிறது ரொக்ஷொக்ஸ். அதற்கு வேண்டிய சீல் நம்ம ஊர்க் கடையில் தொங்காது. வெளியே இருந்து வரும் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் கொழும்பில் தேடவேண்டும். 2022 எரிபொருள் வரிசை நாட்களில் சைக்கிள் விலை ஏறிய ஏற்றம் எல்லாருக்கும் நினைவிருக்கும், பாகமும் அதோடு சேர்ந்து ஏறியது. சைக்கிளைக் கொண்டுபோவதும் செலவுதான். மாத்தளையில் இருந்து தம்புள்ளைக்கு பஸ்ஸில் இதை ஏற்ற எந்த நடத்துநரும் சம்மதிக்க மாட்டார். தெரிந்தவரின் டிமோ பட்டாவில் மரக்கறிக் கூடைகளுக்கு நடுவே படுக்கவைத்துக் கொண்டுபோனதுதான் அதிகம்.

தீர்ப்பு. சீகிரியா, ஹபரணை, தம்புள்ளை சுற்றிலேயே ஓடுகிறவருக்கு இந்த சைக்கிள் தேவையில்லை. 120 மி.மீ. ஃபோர்க் போட்ட நல்ல ஹார்ட்டெயில், அகலமான ட்யூப்லெஸ் டயர், ஹைட்ராலிக் பிரேக், இரண்டு போத்தல் வைக்க இடம், அது போதும். மிச்சக் காசுக்கு டயர் வாங்கலாம். மலையும் வேண்டும் குளமும் வேண்டும் என்கிற எங்களைப் போன்ற மாத்தளைக்காரருக்கு 130, 140 மி.மீ. சைக்கிள் சரியான நடு. அதற்கு மேலே போனால் தட்டையில் செத்துப்போகும், கீழே போனால் ரிவர்ஸ்டனில் பல் கிட்டும். கார்பன் வேண்டாம், அலுமினியம் எடுங்கள், மின்னேரியா ரோட்டுக் கல் டயரில் இருந்து தெறித்து ஃப்ரேமின் அடியில் அடிக்கிற சத்தத்தைக் கேட்டால் காரணம் புரியும். நண்பனுக்கு விற்காதே என்று சொல்லிவிட்டேன். முழங்காலுக்கு அந்த 51 பல் நல்லது.

பழைய சைக்கிள் ஒன்றை யாரிடமாவது வாங்கப் போகிறீர்கள் என்றால் ஒரு ஷாக் பம்பும் ஒரு அளவு நாடாவும் கையில் கொண்டுபோங்கள். உங்கள் எடைக்குக் காற்றடித்து ரப்பர் வளையத்தைப் பாருங்கள். சீட்டைப் பிடித்து மேலே மெதுவாகத் தூக்குங்கள், பின் சக்கரம் தரையை விடுமுன் லொடக்கென்று ஒரு சத்தம் வந்தால் பெயரிங்கோ ஷாக் புஷ்ஷோ போய்விட்டது, அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். பத்து நிமிடம் கிறவலில் ஓடிப் பார்க்க விடாதவரிடம் வாங்காதீர்கள்.